நூறு வருடம் தூங்கியவளிடம் யார் கேட்டார்கள்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தேவதைக் கதைகளைக் காலப்பயணக் கதைகளாக மாற்றி இளையோருக்கு எழுதுவது, பழைய கதைக்கு உயிர் கொடுக்கிறதா, அதன் உயிரை எடுக்கிறதா? உயிர் கொடுக்கிறது என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தங்கை இரண்டு குற்றச்சாட்டுகளை வைத்தார். தேவதைக் கதைக்குக் காலமே கிடையாது, அதற்குள் ஆண்டுக் கணக்கு நுழைந்தால் மாயம் கலைந்துவிடும் என்பது ஒன்று. முன்னோர் சொன்ன கதையில் கைவைக்க நமக்கு உரிமை இல்லை என்பது மற்றது.

எந்த முன்னோர், தங்கச்சி? நூறு வருடம் தூங்கிய இளவரசியின் கதையையே எடுப்போம். 1697இல் பிரான்சில் சார்ல் பெரோ எழுதியபோது, தாய் தகப்பன் தூங்கவில்லை. மகளை முத்தமிட்டுவிட்டு மாளிகையை விட்டுப் போய்விடுகிறார்கள். 1812இல் கிரிம் சகோதரர்கள் ஜெர்மன் மொழியில் வெளியிட்டபோது அரசனும் அரசியும் அவளோடு சேர்ந்து தூங்கி, சேர்ந்தே எழும்புகிறார்கள். கதை கைமாறிய போதெல்லாம் மாறித்தான் வந்திருக்கிறது. உரிமையைப் பற்றி இதற்கு மேல் நான் பேசத் தேவையில்லை.

பெரோவின் கதைக்கே திரும்பிப் போகிறேன், ஏனென்றால் எங்கள் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சாபத்தின்படி நூல் நூற்கும் கதிர் கையில் குத்தித் தூங்கிப்போகும்போது அந்தப் பிள்ளைக்குப் பதினைந்து பதினாறு வயது. எங்கள் வீட்டில் ஓ.எல்., அதாவது சாதாரண தரப் பரீட்சை எழுதும் வயது. அவள் விழிக்கும்போது பெற்றவர்கள் இல்லை. அரியணையில் இருப்பது வேறொரு குடும்பம். அவள் போட்டிருக்கும் உடுப்பு தன் பாட்டி காலத்து உடுப்பு என்று இளவரசனுக்குத் தெரிகிறது, ஆனால் அதை அவளிடம் சொல்லாமல் விட்டுவிடுகிறான். விருந்தில் வாசிப்பவர்கள் நூறு வருடமாக யாரும் வாசிக்காத பாட்டுகளை வாசிக்கிறார்கள். இருவரும் நான்கு மணி நேரம் கதைத்தார்கள், சொல்ல இருந்ததில் பாதிகூட முடியவில்லை என்று பெரோ எழுதுகிறார். பிறகு கல்யாணம்.

அந்த நான்கு மணி நேரத்தில் அவள் என்ன கேட்டிருப்பாள்? அம்மா எங்கே என்று கேட்டாளா? அம்மாவைப் புதைத்த இடத்தைப் பார்க்கப் போனாளா? தன் உடுப்பைப் பார்த்து ஊர்ப் பெண்கள் முகத்தைத் திருப்பியபோது என்ன செய்தாள்? கதை கேட்காமல் தாண்டிப்போன இந்த இடத்துக்குள்தான் காலப்பயணக் கதை நுழைகிறது. மாயம் அங்கே கலையவில்லை. அதுவரை அழகான பொருளாகக் கிடந்தவள் அங்கேதான் மனுஷியாகிறாள்.

காலம் நம்முடைய பழைய கதைகளுக்கும் அந்நியமில்லை. பாகவதத்தில் ககுத்மி மன்னன் மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்டுப் பிரம்மாவின் சபைக்குப் போகிறான். அங்கே பாட்டு முடியும்வரை சற்றுக் காத்திருக்கிறான். அதற்குள் பூமியில் 27 சதுர்யுகங்கள், அதாவது நான்கு யுகங்கள் கொண்ட சுற்றுகள் இருபத்தேழு, கழிந்துவிடுகின்றன. குகைத் தோழர்களின் வரலாற்றைத் திருக்குர்ஆன் சொல்கிறது. 300 ஆண்டும் மேலும் 9 ஆண்டும் உறங்கி எழுந்தவர்கள், கையிலிருந்த வெள்ளிக் காசைக் கொடுத்து ஒருவரைச் சாப்பாடு வாங்க நகரத்துக்கு அனுப்புகிறார்கள். எத்தனை காலம் போனது என்று அந்த நேரம் அவர்களுக்குத் தெரியாது. இந்த மண்டபத்தில் இருக்கும் பலர் இந்த இரண்டையும் சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள்.

அதிலும் கொழும்பில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இந்தக் கதை இன்னும் கிட்ட வருகிறது. 1990இல் போரால் நின்றுபோன யாழ்தேவி ரயில், கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து யாழ்ப்பாணம் வரை மறுபடி போனது 2014இல். ரயில் நின்றபோது பத்து வயதாக இருந்தவர் முப்பத்துநாலு வயதில் பிறந்த ஊரில் இறங்கியிருப்பார். தன் வீட்டுப் படலையில் நின்று, இது யாருடைய வீடு என்று கேட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு நூறு வருடத் தூக்கத்தை வெறும் மந்திரமாக மட்டும் சொல்லி அனுப்பச் சொல்கிறீர்களா?

அரண்மனைக்குள் ஒரு கைத்தொலைபேசியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அதைக் காலப்பயணம் என்று விற்கும் எழுத்தும் இருக்கிறது. அதற்காக நான் வாதாடவில்லை. நான் வாதாடுவது வேறொன்றுக்கு. விழித்த பெண்ணுக்குப் பின்னோக்கிப் போகும் வழி கிடைக்கிறது என்று வையுங்கள். கதிர் குத்துவதற்கு முதல் நாள் போய் அதைத் தடுக்கலாம். அம்மாவோடு முழு வாழ்க்கை வாழலாம். தடுத்தால் நூறு வருடம் வேறு திசையில் போகும், அவள் நேசிப்பவன் பிறக்காமலே போகலாம். போவதா, நிற்பதா? பழைய கதையில் அவளுக்காகத் தேவதைகள் முடிவெடுத்தார்கள், தகப்பன் முடிவெடுத்தான், இளவரசன் முடிவெடுத்தான். இங்கே முதல் தடவையாக அவளே முடிவெடுக்கிறாள். அவள் வயதிலேயே இருக்கும் வாசகி, புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு, நானென்றால் என்ன செய்வேன் என்று இரவு முழுக்க யோசிப்பாள்.

நடுவர் அவர்களே, அந்த யோசனையை எங்கள் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிடாத தீர்ப்பைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.