டென்னிஸ் மைதானத்துக்கு மேலே

தலைவர் அவர்களே, நண்பர்களே,

போர் எங்கோ எல்லையில் நடக்கும். அதற்கான நினைவுச் சின்னம் தலைநகரில், நல்ல சாலைச் சந்திப்பாகப் பார்த்து எழுப்பப்படும். நாம் பார்த்துப் பழகியது அதுதான். நாகாலாந்தின் கோஹிமாவில் அப்படி இல்லை. அங்கே கல்லறைத் தோட்டம் அமைந்திருக்கும் கேரிசன் குன்றுதான் போர்க்களம். யார் எங்கே விழுந்தார்களோ, அதே சரிவில் படுத்திருக்கிறார்கள்.

திமாப்பூரில் ரயிலை விட்டு இறங்கி, எழுபது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் ஏறினால் கோஹிமா. இம்பாலுக்குப் போகும் சாலை இந்தக் குன்றைச் சுற்றித்தான் வளைகிறது. கீழே உள்ள முனைக்கு இன்றும் டி.சி.பி. கேட் என்றுதான் பெயர். போர்க்காலத்தில் ராணுவ லாரிகளை நிறுத்தி அனுப்பிய போக்குவரத்துச் சாவடி அது. சாவடி போய்விட்டது, பெயர் போகவில்லை. டாக்சிக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னாலே போதும், கொண்டுபோய் விட்டுவிடுவார்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1944 மார்ச் மாதம் ஜப்பானின் 31-வது டிவிஷன், தளபதி கோத்தோக்கு சாத்தோ தலைமையில் பர்மாவின் சிந்த்வின் ஆற்றைக் கடந்தது. ஏறத்தாழ பதினைந்தாயிரம் பேர். கையில் மூன்று வாரத்துக்கான உணவு. கோஹிமாவைப் பிடித்தால் பிரிட்டிஷ் படை இருந்த இம்பாலுக்குச் சாலை வழியே எதுவும் போகாது. அதற்கு அப்பால் திமாப்பூரின் ரயில் நிலையமும் மாபெரும் சரக்குக் கிடங்குகளும். ஏப்ரல் 4 அன்று சண்டை தொடங்கியபோது குன்றில் பிரிட்டிஷ் இந்தியத் தரப்பில் இருந்தவர்கள் சுமார் 2,500 பேர். அவர்களிலும் ஆயிரம் பேர் துப்பாக்கி பிடிக்காத பணியாளர்கள்.

இனி, அந்த டென்னிஸ் மைதானத்துக்கு வருகிறேன். மாவட்டத் துணை ஆணையர் சார்லஸ் பாசியின் பங்களா குன்றின் சரிவில் இருந்தது. அவர் மாலையில் பந்தடிக்க ஒரு மைதானம். அதன் ஒரு பக்கம் ஜப்பானியர் குழி வெட்டி உட்கார்ந்தார்கள். மறுபக்கம் ராயல் வெஸ்ட் கென்ட் படையினரும் அசாம் ரெஜிமென்ட் வீரர்களும். நடுவே இருபது, இருபத்தைந்து கெஜம். கையெறி குண்டைச் சுண்டிவிட்டாலே எதிரியின் மடியில் விழும் தூரம். குடிநீர்க் குழாய் அறுபட்டது. விமானத்திலிருந்து பாராசூட்டில் போட்ட தண்ணீரிலும் தோட்டாக்களிலும் ஒரு பங்கு எதிரி பக்கம் போய் விழுந்தது. ஏப்ரல் 20-ஆம் தேதி வாக்கில் முற்றுகை தளர்ந்து புதுப்படை வந்த பிறகும் அந்த மைதானம் அடங்கவில்லை. மே 13 அன்று ஒரு டாங்கியைச் சரிவில் இறக்கி, பங்களாவை நேருக்கு நேர் சுட்டுத் தகர்த்த பிறகுதான் அடங்கியது.

இன்று அங்கே வெட்டிச் சீராக்கிய புல். மைதானத்தின் கோடுகளை மட்டும் வெள்ளைச் சிமெண்டில் பதித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டில் நின்று மறுகோட்டைப் பார்த்தால், பேச்சுக்குரல் கேட்கும் தொலைவில் நின்றா இத்தனை நாள் கொன்றுகொண்டார்கள் என்று மனம் ஏற்க மறுக்கிறது. ஓரத்தில் ஒரு செர்ரி மரம். ஜப்பானியர் மறைந்திருந்து சுட்ட பழைய மரம் குண்டுகளில் சிதைந்தது. அதன் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்தது இப்போது நிற்பது.

அடுக்கடுக்கான தளங்களில் 1,420 கல்லறைகள். ஒவ்வொன்றிலும் தாழ்ந்த கல்லின் மேல் ஒரு வெண்கலத் தகடு: பெயர், படைப்பிரிவு, வயது, அடியில் குடும்பத்தார் எழுதித் தந்த ஒரு வரி. பத்தொன்பது, இருபத்தொன்று என்று வயதுகளைப் படித்துக்கொண்டே போனால் கால் தானாக நின்றுவிடுகிறது. பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற ஜான் ஹார்மன் இங்கேதான் இருக்கிறார். ஒரு தீவையே சொந்தமாக வைத்திருந்தவரின் மகன். படையில் வெறும் லான்ஸ் கார்ப்பரல், கீழ்நிலைப் பதவி.

நுழைவாயில் பக்கம், இங்கே போரிட்ட பிரிட்டிஷ் 2-வது டிவிஷனின் நினைவுக்கல். "நீங்கள் வீடு திரும்பும்போது எங்களைப் பற்றிச் சொல்லுங்கள், உங்கள் நாளைக்காக எங்கள் இன்றைக் கொடுத்தோம்" என்ற பொருள்படும் அந்த உலகப் புகழ்பெற்ற வரி அதில்தான் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் அதன் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். என் வருத்தமே அதுதான். மேலே ஏறுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இன்று இந்த மேடைக்கு வந்தேன்.

தோட்டத்தின் உச்சியில் தகன நினைவிடம் இருக்கிறது. அவரவர் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. கீழே உள்ள ஆங்கிலேயப் பையனுக்கு அவன் அம்மா சொன்ன ஒரு வரி உண்டு. இங்கே வரிசையாகப் பெயர்கள் மட்டும். வயது இல்லை, ஊர் இல்லை, வீட்டார் வாக்கு இல்லை. ஆனால் நகரம் முழுவதும் ஒரே பார்வையில் விரிவது இங்கிருந்துதான்: மலைமுகடு நெடுகத் தகரக் கூரைகள், எதிரே நாகர்களின் பழைய கோஹிமா கிராமம். அந்தக் கிராமமும் சண்டையில் தரைமட்டமாயிற்று.

அதைப் பார்க்கும்போதுதான், எந்தப் பலகையிலும் வரிசையாகப் பெயர் எழுதப்படாதவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். காயம்பட்டவர்களை மழையில் மலைச்சரிவுகளில் சுமந்து இறக்கியவர்கள் நாகர்கள். வேவு பார்த்துச் சொன்னவர்களும் வழிகாட்டியவர்களும் அவர்களே. சண்டை முடிந்தபோது வீடு எரிந்து, தானியம் போய் நின்றவர்களும் அவர்கள்தான். 2-வது டிவிஷனின் அந்தக் கல்லே நாகர் மரபில் நிறுத்தப்பட்ட நெடுங்கல். நடுகல் கண்ட நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

சாத்தோவின் படைக்கு அரிசி வரவேயில்லை. பட்டினியில் சாகும் வீரர்களோடு, மேலதிகாரி முத்தாகுச்சியின் உத்தரவை மீறி மே இறுதியில் அவர் பின்வாங்கினார். பதவி பறிபோனது, ராணுவ விசாரணையில் உண்மை வெளிவந்துவிடும் என்று அஞ்சி அவருக்கு மனநிலை சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். என் கணக்கில் அந்தக் களத்தின் மிகத் துணிச்சலான முடிவு அவருடையது. உங்களில் சிலர் மறுப்பீர்கள், மறுக்கலாம்.

நம் பாடப்புத்தகங்கள் ஏன் இந்தக் குன்றைச் சுற்றிக்கொண்டு போகின்றன? காரணம் சங்கடம். அந்த 917 பேர் போரிட்டது வெள்ளை அரசின் கொடியின் கீழ். எதிரே ஜப்பானியரோடு வந்தது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். ஒரு பக்கத்தைக் கொண்டாடினால் மறுபக்கத்தைப் பழித்ததாகிவிடும் என்று பயந்து இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டோம். பிரிட்டனில் 2013-ல் தேசிய ராணுவ அருங்காட்சியகம், தங்கள் நாட்டின் தலைசிறந்த போர் எது என்று வாக்கெடுப்பு நடத்தியபோது இம்பால்–கோஹிமாதான் முதலிடம் பெற்றது. அதில் போரிட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு விவரம். நாகாலாந்துக்குள் நுழைய வெளிமாநிலத்தவருக்கு இன்னர் லைன் பெர்மிட் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். டிசம்பரின் முதல் பத்து நாள், நாகர்களின் ஹார்ன்பில் விழாக் கூட்டம். அதைத் தவிர்த்தால் குன்றில் நிதானமாக நடக்கலாம். மணிப்பூரில் நிலைமை சீராக இருக்கும் சமயம் பார்த்து, அதே சாலையில் இம்பாலுக்கும் இறங்குங்கள். 1944 ஜூன் 22 அன்று கோஹிமா பக்கமிருந்தும் இம்பால் பக்கமிருந்தும் வந்த பிரிட்டிஷ் இந்தியப் படைகள் சந்தித்து மீண்டும் திறந்த சாலை அது. இம்பாலுக்குத் தெற்கே மொய்ராங்கில் இந்திய தேசிய ராணுவத்துக்கு நினைவகம் இருக்கிறது. இரண்டையும் ஒரே பயணத்தில் பாருங்கள். எதை முதலில் பார்ப்பது என்பதை மட்டும் நான் சொல்லமாட்டேன்.

வணக்கம்.