வேன் வாங்கப் போகும்போது பாயும் கொண்டு போங்க

[திரையில்: நாகர்கோவில் வடசேரி சந்தை, காலை நேரம். பின் கதவு திறந்து கிடக்கிற ஒரு சின்ன வேன். உள்ளே கோரப்பாய்.]

தினமும் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடணும். எப்பவாவது ரெண்டு நாள் லீவு கிடைச்சா, உள்ளேயே படுத்து எழும்பவும் செய்யணும். இப்படி வண்டி தேடுறவங்க ஒரு அளவு டேப்பும் ஒரு பாயும் எடுத்துக்கிட்டுப் போங்க. விலை பேசுறதுக்கு முன்னாடியே பாயை விரிச்சு, நீங்களே படுத்துப் பாத்துக்கிடுங்க.

மாருதி ஆம்னி வேன் தயாரிப்பு 2019-ல நின்னு போச்சு. புதுசா எடுக்கணும்னா நம்ம பட்ஜெட்டுக்கு முதல்ல வந்து நிக்கிறது மாருதியோட ஈக்கோ வேன். நீளம் 3,675 மில்லிமீட்டர், அகலம் 1,475, உயரம் 1,825. இந்த அகலம்தான் எனக்குப் பிடிச்ச விஷயம். தக்கலை, குளச்சல் பக்கத்து ஊடுவழியில எதிர்ல ஆட்டோ வந்தாக்கூட ஒதுங்கிக் கொடுக்கலாம். பக்கக் கதவு தள்ளித் திறக்கிறதால, மதில் ஓரமா நிறுத்தினாலும் பிள்ளைங்க சுலபமா இறங்கிடும்.

[திரையில்: முன் இருக்கையைத் தூக்குகிறார். அடியில் எஞ்சின்.]

எஞ்சின் இருக்கிறது முன் சீட்டுக்கு அடியில. மார்த்தாண்டம் நெரிசல்ல அரை மணி நேரம் நின்னா சூடு மேல ஏறும். டெஸ்ட் டிரைவை மத்தியான வெயில்ல கேளுங்க, காலையில ஓட்டினா இது தெரியாது. இன்னொண்ணு, இழுக்கிறது பின் சக்கரம். பின்னாடி காலியா இருந்தா, மழையில நனைஞ்ச ரப்பர் தோட்டத்து ஏத்தத்துல சக்கரம் வழுக்கும். சாமான் ஏத்தினா பிடிமானம் கூடும். அதனால தண்ணிக் கேனும் அரிசியும் பின்னாடியே இருக்கட்டும்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல நான் ரொம்பப் பயப்படுறது துருவுக்குத்தான். நீரோடியில இருந்து கன்னியாகுமரி தாண்டி வரைக்கும் கடல் ஓரம். உப்புக்காத்து தகரத்தை விடாது. பழைய வண்டி பாக்கிறவங்க பெயிண்டைப் பாத்து மயங்காதீங்க. கதவு ஓடுற தண்டவாளம், படிக்கட்டுக்கு அடி, சக்கரத்துக்கு மேல உள்ள வளைவு, இந்த மூணையும் விரலால அழுத்திப் பாருங்க. தரை விரிப்பையும் தூக்கச் சொல்லுங்க. விக்கிறவர் தயங்கினார்னா கண்டிப்பா தூக்கணும். புதுசுன்னா அடியில துரு தடுக்கிற பூச்சு அடிச்சிடுங்க. சொத்தவிளை, தேங்காப்பட்டணம் போயிட்டு வந்தா அன்னைக்கே நல்ல தண்ணி ஊத்தி அடியைக் கழுவிடுங்க.

ஆரல்வாய்மொழி கணவாய் பத்தியும் சொல்லணும். காத்தாலைங்க அங்க சும்மா நிக்கல. தென்மேற்குப் பருவக் காத்துல உயரமான வண்டியைப் பக்கவாட்டுல தள்ளும். மேல கேரியர் மாட்டி மூட்டை கட்டினா இன்னும் மோசம். வேகத்தைக் குறைச்சு, ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கைப் பிடிங்க.

[திரையில்: கால் வச்ச பலகை. மேலே மெத்தை, ஜன்னலில் கொசுவலை.]

படுக்கைக்குக் கால் வச்ச பிளைவுட் பலகை போதும், வேணாம்னா தூக்கி வீட்டுல வைக்கலாம். சீட்டைக் கழட்டி வெல்டிங் வைக்காதீங்க. ஆர்சி புக்குல உள்ளதை மாத்துறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுல வரும், இன்சூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகும். நேரா நீட்டிப் படுக்க இடம் போதலைன்னா மூலைக்கு மூலை அளந்து பாருங்க. சிஎன்ஜி கேஸ்ல ஓடுற வண்டி எடுக்கிறவங்க சிலிண்டர் எந்த இடத்தைப் பிடிக்குதுன்னு பாத்துட்டு அளங்க.

இது ரொம்ப முக்கியம்: ஏசிக்காக எஞ்சினை ஓட விட்டுத் தூங்கக் கூடாது. மூடின வேனுக்குள்ள ஸ்டவ்வும் பத்த வைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூங்குறவங்களை எழுப்பவும் செய்யாது. எதிரெதிர் ஜன்னல் ரெண்டைக் கொஞ்சம் திறந்து வலை கட்டுங்க. சில வண்டியில பின் கண்ணாடி திறக்காது, வாங்கும்போதே கவனிங்க.

காளிகேசம், கோதையாறு பக்கம் காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம ராத்திரி நிறுத்தாதீங்க, யானை நடமாட்டம் உள்ள இடம். தெரிஞ்சவங்க தோட்டத்து முற்றம்னா கேட்டுட்டு நிறுத்தலாம், கிணத்துத் தண்ணியும் கிடைக்கும்.

ஷோரூமுக்கு அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க. அவங்க கைப்பிடி இல்லாம ஏறி இறங்க முடியலைன்னா, அதே இடத்துல ஒரு கைப்பிடிக்கும் படிக்கும் விலை கேட்டுக்கிடுங்க.