உமி, உடைமரம், வைக்கோல்: எதை எரித்தால் பசுமை மின்சாரம்?

(காட்சி: அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரிசி ஆலை, பின்னால் உமிக் குவியல்)

ஒரு டன் நெல்லை அரைத்தால் கிட்டத்தட்ட 200 கிலோ உமி வரும். தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் அறுவடையாகி வருகிற நெல்லுக்கெல்லாம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆலைக்காரர்கள் அந்த உமியையே பாய்லரில் போட்டு நெல் அவிக்கிறார்கள். பயோமாஸ், அதாவது பயிர்க்கழிவையோ மரத்தையோ எரிபொருளாக்குவது, நியாயமாக நடக்கிற இடம் இதுதான், ஏனென்றால் மட்கியோ வெட்டவெளியில் எரிந்தோ எப்படியும் காற்றில் கலக்கப்போகிற கார்பன் அது, லாரி வாடகையும் கிடையாது. மிஞ்சுகிற சாம்பல் உமியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரும், பெரும்பகுதி சிலிக்கா. அதைக் குளத்தங்கரையில் கொட்டாமல் செங்கலுக்கோ சிமெண்டுக்கோ அனுப்ப வேண்டும்.

சரி, மரம்?

வளரும்போது இழுத்த கார்பன்தானே எரிக்கும்போது வெளியே போகிறது, கணக்கு நேராகிவிடும் என்பார்கள். நேராகும், எத்தனை வருஷத்தில்? அதே அளவு வெப்பத்துக்கு, புகைபோக்கியில் அளந்தால் விறகு நிலக்கரியைவிட அதிகமாகவே கார்பன் டை ஆக்சைடு விடுகிறது. பச்சை மரமென்றால் எடையில் பாதி தண்ணீர், அதை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கு போய்விடும். இங்கிலாந்தில் டிராக்ஸ் மின்நிலையம் அமெரிக்காவிலிருந்து கப்பலில் பெல்லட்டுகளை, அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த சிறு கட்டிகளை, வரவழைத்து எரிக்கிறது, புகைபோக்கியில் வெளியேறும் அந்தக் கார்பனைக் கணக்கில் பூஜ்யம் என்றே எழுதுகிறார்கள். காட்டு மரம் திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்போது இதை எப்படிப் பூஜ்யம் என்பது? எனக்கு இது ஏற்கவே முடியாத கணக்கு.

(காட்சி: நாங்குநேரி பக்கம், உடைமரம் அடைத்த குளம்)

நம்மிடம் இருப்பது உடைமரம், அதாவது சீமைக்கருவேலம். வெட்டினால் அடிக்கட்டை துளிர்த்துச் சில வருஷத்தில் மறுபடி விறகாகிவிடும், அந்த வகையில் கார்பன் கணக்கு சீக்கிரம் அடைபடும். ஆனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். 10 மெகாவாட் ஆலை ஒரு நாள் முழுக்க ஓடினால் 2,40,000 யூனிட், அப்படியென்றால் தினமும் 240 டன்னுக்கு மேல். இவ்வளவு கேட்கிற ஆலை உடைமரத்தை வேரோடு எடுக்க ஆசைப்படுமா? அடிக்கட்டை கிடக்கட்டும் என்றுதான் சொல்லும், குளம் குளமாகத் திரும்பாது. விறகுக்குத் தட்டுப்பாடு வந்தால் வேம்பு, புளி, பனை மேல் கை போகும். அப்புறம் வைக்கோலைக் கேட்பார்கள். வைக்கோலைக் கழிவுப் பட்டியலில் சேர்ப்பதே தப்பு, அது மாட்டுக்குத் தீவனம், விலை ஏறினால் ரெண்டு மாடு வைத்திருக்கிறவர்கள்தான் முதலில் விற்றுவிட்டுப் போவார்கள்.

அதனால் உங்கள் ஊரில் பயோமாஸ் ஆலை வருகிறது என்று கூட்டம் போட்டால் போய் உட்காருங்கள். விறகு எத்தனை கிலோமீட்டர் தூரத்திலிருந்து வரும், ஐப்பசி கார்த்திகை மழையில் எதை எரிப்பீர்கள், தூசியைப் பிடிக்க என்ன வடிகட்டி, சாம்பல் எங்கே போகும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.