ஏழு பாய்மரம் வச்ச கப்பலும் எட்டுப் பேர் போன துடுப்புப் படகும்: மீனவர் தினக் கூட்டத்துல பேசினது

மேடையில இருக்கிற தலைவர் அய்யா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, பஞ்சாயத்து தலைவி அம்மா அவர்களே, டூட்டிக்கு நடுவுலயும் வந்திருக்கிற மரைன் போலீஸ் இன்ஸ்பெக்டர் சார் அவர்களே, பந்தலுக்கு வெளிய நிக்கிற என் அண்ணன் தம்பிகளே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். தலைவர் அய்யா பத்தி பேசணும்னா எனக்குக் குடுத்த டைமே பத்தாது, சங்கத்துக்கு இந்த இடம் கெடைக்க அவர் அலைஞ்ச அலைச்சல் உங்களுக்கே தெரியும், அவருக்கு ஒரு தடவ கை தட்டிருங்க.

மூணு விஷயம் பேசலாம்னு வந்தேன். ஒண்ணு ஒரு கப்பல் ஒடஞ்ச கத, ரெண்டாவது பாய்மரக் கப்பல் தொழில் எப்படி அழிஞ்சுச்சுங்கிறது, மூணாவது நம்ம கோரிக்கை. எங்க பாட்டி எதுக்கெடுத்தாலும் "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்"னு சொல்லும், அத மனசுல வச்சுக்கிட்டுக் கேளுங்க.

தாமஸ் டபிள்யூ. லாசன்னு ஒரு அமெரிக்கச் சரக்குக் கப்பல், 1902ல கட்டினது, பாய்மரம் ஏழு, ஆமா ஏழு, நீளம் 475 அடி. அவ்வளவு பெரிய கப்பல ஓட்ட கேப்டனோட சேத்து 18 பேர்தான், ஏன்னா பாய ஏத்தி எறக்க நீராவி வின்ச், அதாவது கயிறு இழுக்கிற மெஷின், இருந்துச்சு. 1907 நவம்பர்ல சுமார் 58,000 பீப்பாய் எண்ணெய ஏத்திக்கிட்டு லண்டனுக்குக் கெளம்புது. அட்லாண்டிக்ல அடிச்ச புயல்ல பாய்ல பெரும்பகுதி கிழிஞ்சு போச்சு, லைஃப் போட்டும் ஒண்ணத் தவிர மத்ததெல்லாம் அடிச்சிட்டுப் போயிருச்சு. டிசம்பர் 13, இங்கிலாந்துக்குத் தென்மேற்க சில்லித் தீவுப் பக்கம் வர்றாங்க, பிஷப் ராக் கலங்கரை விளக்கத்துக்குத் தப்பான பக்கமா வந்து பாறைக்கு நடுவுல மாட்டிக்கிட்டு, ரெண்டு நங்கூரத்தையும் போட்டு நின்னுட்டாங்க.

இங்கதாங்க கத. கரையில இருந்து பாத்த ஜனங்க சும்மா இருக்கல. செயின்ட் ஆக்னஸ் தீவுல இருந்து ஒரு மீட்புப் படகு, செயின்ட் மேரிஸ்ல இருந்து இன்னொண்ணு, ரெண்டும் அந்தக் காத்துல வந்துச்சு. எறங்கி வாங்கன்னு கூப்பிட்டா கேப்டன் ஜார்ஜ் டோ வரல, நங்கூரம் தாங்கும்னு நம்புனாரு. வழிகாட்ட பைலட் ஒருத்தர மட்டும் ஏத்திக்கிட்டாரு, அவர் பேரு பில்லி ஹிக்ஸ், செயின்ட் ஆக்னஸ்காரர். வந்த ஒரு படகுக்குப் பாய்மரம் ஒடஞ்சு போச்சு, இன்னொண்ணுல ஒரு ஆளு மயங்கி விழுந்துட்டாரு, ரெண்டும் திரும்பிப் போயிருச்சு. நடுராத்திரி தாண்டி சங்கிலி அறுந்து கப்பல் பாறைல மோதி ஒடஞ்சுச்சு. அதுக்கப்புறம் யாரக் கூப்பிடுறது? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

கப்பல் வெளக்கக் காணோம், காத்துல எண்ணெய் நாத்தம், செயின்ட் ஆக்னஸ்காரங்களுக்குப் புரிஞ்சு போச்சு. ஸ்லிப்பன்னு ஒரு துடுப்புப் படகு, 1830ல கட்டினது, அதுல எட்டுப் பேர் கெளம்பிட்டாங்க. அந்த எட்டுல ஒருத்தன் பைலட்டோட மகன் ஃப்ரெடி. அப்பன் உசிரோட கெடைப்பாரான்னு எண்ணெய்த் தண்ணில தேடுறான். ஒரு மாலுமி உசிரோட கெடச்சாரு, ஆனா பொழைக்கல. திரும்பவும் போறாங்க. ஹெல்வெதர்ஸ் பாறைல கேப்டனும் இஞ்சினியர் ரோவும் கெடக்காங்க. காயம்பட்டுக் கெடந்த கேப்டன மீட்க கடல்ல குதிச்சு நீந்திப் போனது யாரு தெரியுமா? அந்த ஃப்ரெடிதான்! அப்பா செத்தது அந்தக் கப்பல்ல, அந்தக் கப்பல் கேப்டன இவன் போய்த் தூக்குறான். (கைதட்டல்) பைலட்டோட சேத்து மொத்தம் 19 பேர்ல பொழச்சது அந்த ரெண்டே பேர். அமெரிக்க அரசாங்கம் பின்னாடி அந்த எட்டுப் பேரையும் கௌரவிச்சுச்சு.

ரெண்டாவது விஷயத்துக்கு நேரம் இல்ல, தலைவர் அய்யா வாட்ச பாக்குறாரு, அதனால நேரா கோரிக்கைக்கு வந்துடுறேன்.

அந்த ரெண்டு உசிரக் காப்பாத்துனது பக்கத்து ஊர்க்காரன். பிரிட்டன்ல 1824லயே மீட்புப் படகுக்குன்னு சங்கம் ஆரம்பிச்சுட்டாங்க, கரை ஊர்க்காரங்களுக்கே ட்ரெயினிங் குடுத்து அவங்களே தன்னார்வமா போறாங்க, இன்னைக்கும் அப்படித்தான். நம்ம ஆளுக்கு மட்டும் தைரியம் கொறச்சலா? 2015 சென்னை வெள்ளத்துல படகக் கொண்டு போனது யாரு? 2018 கேரளா வெள்ளத்துல போனது யாரு? மீனவன்! 2017 ஒக்கி புயல் அப்ப கன்னியாகுமரி ஜனங்க தன் படகுல தன் டீசல் போட்டுத்தான் தேடப் போனாங்க. நாம கேக்குறது ஊருக்கு ஒரு மீட்புப் படகு, பத்துப் பசங்களுக்கு ட்ரெயினிங், லைஃப் ஜாக்கெட், வயர்லெஸ், போறவனுக்கு இன்சூரன்ஸ், டீசல் காசு. ஒரு ஆபீஸ்ல மனு குடுத்தோம், இது எங்க பிரிவுல வராதுன்னு சொல்லி இன்னொரு ஆபீசுக்கு அனுப்புனாங்க, அங்க போனா முதல் ஆபீசுக்கே போகச் சொல்றாங்க. அடுத்த புயல் வந்த பிறகு நிவாரணம்னு செக் குடுக்குறதுக்குப் பேருதான் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

புது மனு பந்தல் வாசல்ல மேசை மேல இருக்கு. பஞ்சாயத்து தலைவி அம்மா மொத கையெழுத்து போட்டுட்டாங்க, அவங்களுக்கு நன்றி. வள்ளம் வச்சிருக்கிறவங்க படகு நம்பரையும் சேத்து எழுதிட்டுப் போங்க, கடலுக்குப் போயிருக்கிற ஆம்பளைங்களுக்காக வீட்டுப் பொம்பளைங்க தன் பேர்லயே கையெழுத்து போடலாம், ராத்திரி எட்டு மணி வரைக்கும் நான் அங்கதான் இருப்பேன்.