எட்டுப் பேருக்கு எட்டு உரிமம் எதற்கு? மலைக்குழுவுக்கு ஏற்ற காணொளிக் கூட்டக் கருவி

வணக்கம். பூம்பாறைப் பூண்டு வயல்களைக் காட்டுவதாகச் சென்ற காணொளியில் சொல்லியிருந்தேன்; அது அடுத்த முறை வரும். அதற்கு முன்பு, என் மேசையில் கிடக்கும் இந்த விலைப்புள்ளியைப் பற்றி உங்களிடம் பேசியே ஆகவேண்டும். மூன்று நாளாக இதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

எங்கள் குழுவை உங்களுக்குத் தெரியும். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டு, தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் காப்பி, வத்தலக்குண்டில் கிடங்கும் கணக்கும் என்று எட்டுப் பேர் பிரிந்து கிடக்கிறோம். திங்கட்கிழமை மாலைதோறும் எல்லோரும் ஒன்றாகப் பேசியாக வேண்டும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, வெளியூர் வியாபாரிகளும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்து சரக்கைப் பார்க்க விரும்புகிறார்கள். பேச்சு அடிக்கடி ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதால், கட்டணம் செலுத்தி ஒரு கருவியை வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்து, ஒரு விற்பனை முகவரிடம் விலை கேட்டேன்.

அவர் அனுப்பியதுதான் இது. எந்த நிறுவனத்தின் கருவி என்று நான் சொல்லப்போவதில்லை. கணக்கை மட்டும் பாருங்கள். ஓர் உரிமத்துக்கு, அதாவது ஒருவர் கணக்கைக் கட்டணக் கணக்காக மாற்றும் அனுமதிக்கு, மாதம் 1,100 ரூபாய், எட்டு உரிமத்துக்கு 8,800 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 1,584 ரூபாய். ஆக மாதம் 10,384 ரூபாய், ஆண்டுக்கு 1,24,608 ரூபாய். "உங்கள் குழுவில் எட்டுப் பேர் இருக்கிறார்கள், ஆகவே எட்டு உரிமம்" என்று ஒரு வரி விளக்கமும் எழுதியிருக்கிறார். இந்த வரியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஜூமிலும் சரி, கூகுள் மீட்டிலும் சரி, கூட்டத்தின் நேர வரம்பைத் தீர்மானிப்பது அதை ஏற்பாடு செய்தவரின் கணக்குத்தான். ஏற்பாடு செய்பவரிடம் கட்டண உரிமம் இருந்தால், மற்ற ஏழு பேரும் ஒரு பைசா செலுத்தாமல் இணைப்பைத் தொட்டு உள்ளே வரலாம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கூட்டங்கள் தனித்தனியாக நடக்கும் அலுவலகத்துக்குத்தான் உரிமங்கள் பெருக வேண்டும். வாரத்தில் ஒரே கூட்டம் நடத்தும் எங்களுக்கு ஓர் உரிமம் போதும். இந்த விலைப்புள்ளியின் கணக்கிலேயே போட்டாலும் அது வரியுடன் மாதம் 1,298 ரூபாய், ஆண்டுக்கு 15,576 ரூபாய்தான். மீதி 1,09,032 ரூபாய், மகளிர் குழுவிலும் கூட்டுறவிலும் கடன் வாங்கிச் சரக்கு எடுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய தொகை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விற்பவர் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இங்கே சேர்த்துக்கொள்கிறேன். உங்களுக்குக் கட்டண உரிமமே தேவையா என்பதை முதலில் பாருங்கள். ஜூமின் இலவசத் திட்டத்தில் 40 நிமிடம், 100 பேர். கூகுள் மீட்டில் மூன்று பேருக்கு மேற்பட்டால் 60 நிமிடம், 100 பேர். மைக்ரோசாஃப்ட் டீம்ஸிலும் குழு அழைப்புக்கு அதே 60 நிமிடம். வாட்ஸ்அப் அழைப்பில் 32 பேர் வரை சேரலாம். உங்கள் பேச்சு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்றால் மீட்டோடு நில்லுங்கள். ஸ்கைப்பில் இருந்தவர்கள் பலர் என்னிடம் கேட்டிருந்தீர்கள். அது 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது.

இனி விலையை விட்டு மலைக்கு வருகிறேன். கீழே மதுரையிலோ திண்டுக்கல்லிலோ இருப்பவர்கள் எழுதும் ஒப்பீடுகளைப் படித்து நீங்கள் கருவியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவர்கள் பின்னணிப் படத்தை மாற்றுவது, கைதட்டும் பொம்மை, முகத்தை மெருகேற்றுவது ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். எனக்கு அவை எதுவும் பிடிப்பதில்லை, வேண்டியதும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்து, மின்சாரம் போய், கைப்பேசிக் கோபுரத்தின் மின்கலம் தீர்ந்துகொண்டிருக்கும்போது, கவுஞ்சியில் ஒரே கோடு சிக்னலில் இருக்கும் அண்ணனின் குரல் எங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறதா என்பதுதான் என் கேள்வி.

குரலுக்கு மிகச் சிறிய இடம் போதும். வினாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் படம் ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 450 மெகாபைட் செலவாகும். வினாடிக்கு 40 கிலோபிட்டில் குரல் மட்டும் ஓடினால் அதே ஒரு மணி நேரத்துக்கு 18 மெகாபைட்தான். 2012இல் தரமாக்கப்பட்ட ஓப்பஸ் என்ற ஒலிக்குறிமுறை, அதாவது குரலைச் சுருக்கி அனுப்பும் முறை, வினாடிக்கு 6 கிலோபிட் வரை இறங்கிப் பேச வல்லது. உலாவி வழியாக நடக்கும் அழைப்புகளில் பெரும்பாலும் அதுவே இயங்குகிறது. ஆகவே படத்தை நிறுத்திக் குரலை மட்டும் வைத்துக்கொள்ளும் வசதி எங்கே இருக்கிறது, அதை ஒரு விவசாயி எத்தனை தொடலில் எட்ட முடிகிறது என்பதைத்தான் நான் முதலில் தேடினேன். ஜூம், மீட், பின்னால் சொல்லப்போகும் ஜிட்சி என்ற கருவி ஆகிய மூன்றிலும் ஏதோ ஒரு பெயரில் அது இருக்கிறது. உங்கள் படத்தை அணைத்தால் மட்டும் போதாது. வந்துசேரும் பிறர் படங்களையும் நிறுத்த வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை. எட்டுப் பேர் கூட்டத்தில் தரவை விழுங்குவது அந்த ஏழு படங்கள்தான்.

தாமதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குரல் போக 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. அதைத் தாண்டத் தாண்ட ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறிப் பேசத் தொடங்குகிறோம். இந்தக் கருவிகள் யுடிபி என்ற முறையில் ஒலியை அனுப்ப முயல்கின்றன. அதில் தொலைந்த துணுக்கைத் திரும்பக் கேட்டுக் காத்திருப்பதில்லை. சில அலுவலக வலையமைப்புகள் யுடிபியை அடைத்துவிடுவதால் அழைப்பு வேறு வழியில் சுற்றி, தாமதம் கூடுகிறது. வியாபாரியின் குரல் மட்டும் திக்கித் திக்கி வந்தால், குறை உங்கள் மலை இணைப்பில்தான் என்று உடனே எண்ணிவிடாதீர்கள்.

ஜிட்சி எனக்கு மிகவும் பிடித்த கருவி. திறந்த மூலம், அதாவது அதன் நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது; சொந்த வழங்கியில் (சர்வரில்) நிறுவிக்கொள்ளலாம், உலாவியிலேயே திறக்கும். இருந்தும் எங்கள் கூட்டத்துக்கு அதை எடுக்கவில்லை. வழங்கியைப் பராமரிக்க எங்களில் ஆள் இல்லை. பொதுத் தளத்திலோ 2023இலிருந்து கூட்டத்தைத் தொடங்குபவர் ஏதேனும் ஒரு கணக்கில் உள்நுழைந்தாக வேண்டும். கணினி தெரிந்த இளைஞர் ஒருவர் உங்கள் குழுவில் இருந்தால், என் முதல் பரிந்துரை ஜிட்சியே.

நாங்கள் எடுத்தது ஜூம், ஒரே ஓர் உரிமம். அதன் விலை மாறிக்கொண்டே இருப்பதால் அவர்களுடைய தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். காட்டும் தொகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது அறுந்துபோன அழைப்பு திரும்பும் விதம்தான். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு எடுத்து ஒவ்வொரு கருவியையும் சோதித்தேன். காத்திருப்பு அறை இயங்கிக்கொண்டிருந்தால், இணைப்பு அறுந்து திரும்புகிறவர் மறுபடியும் வாசலில் நிற்க, நடத்துகிறவர் பேச்சை விட்டுவிட்டுக் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது. கடவுச்சொல், காத்திருப்பு அறை, உள்நுழைந்தவர் மட்டும் ஆகிய மூன்றில் ஒன்றாவது ஜூமில் கட்டாயம் என்பதால், கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு காத்திருப்பு அறையை அணைத்துவிட்டேன். இப்போது மன்னவனூர் அக்கா மூன்று முறை அறுந்தாலும் மூன்று முறையும் தானாகவே உள்ளே வந்துவிடுகிறார். இதைப் பார்த்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். நடத்துகிறவர் வருவதற்கு முன்பே மற்றவர்கள் சேர்ந்துகொள்ளும் அமைப்பையும் இயக்கியிருக்கிறேன். என் வீட்டில் மின்சாரம் இல்லாத மாலையிலும் கூட்டம் நிற்காது.

சரக்கைக் காட்டும் பகுதிக்கு மட்டும் படம் தேவைப்படுகிறது அல்லவா, அதற்கும் வழி கண்டுவிட்டோம். பூண்டின் தோல் நிறத்தையும் பல்லின் பருமனையும் நடுங்கும் காணொளியில் எந்த வியாபாரியாலும் பார்க்க முடியாது. பகல் வெளிச்சத்தில், அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து எடுத்த புகைப்படங்களை வத்தலக்குண்டிலிருந்து திரைப் பகிர்வில் காட்டுகிறோம். நிலையான படம் என்பதால் இணைப்பு மெலிந்திருந்தாலும் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுகிறது.

முனைக்கு முனை மறையாக்கம், அதாவது கூட்டத்தில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் பேச்சைக் கேட்க முடியாதபடி பூட்டுவது, பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரு வரி: ஜூமில் அதை நீங்களே இயக்க வேண்டும், இயக்கினால் மேகப் பதிவும் (கூட்டத்தை ஜூமின் வழங்கியில் பதிந்து வைப்பதும்) சாதாரணத் தொலைபேசி வழியாகச் சேர்வதும் கிடைக்காது. நாங்கள் விலை பேசும் கூட்டத்தில் இயக்குகிறோம், மற்றவற்றில் இல்லை.

மிச்சமான பணத்தில் ஒரு சிறு பங்கை எட்டுப் பேருக்கும் காதொலிப்பானுக்குச் செலவிட்டோம். கம்பி உள்ளதையே வாங்குங்கள். பல புளூடூத் காதொலிப்பான்களில் ஒலிவாங்கி இயங்கத் தொடங்கியதும் ஒலியின் தரம் தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடுகிறது. மழைச்சத்தத்துக்கு நடுவே அந்தக் குரல் புரிவதில்லை. உங்கள் கைப்பேசியில் பழைய வட்டத் துளை இருக்கிறதா, சி வகைத் துளை மட்டும் இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நீலகிரியில், குறிப்பாக மஞ்சூர், குந்தா பக்கம் இருப்பவர்கள், மழை மாதங்களில் எந்தக் கருவியில் பேசுகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். உங்கள் பதில்களை வைத்து இதே சோதனையை அங்கும் செய்து பார்க்க விரும்புகிறேன். நன்றி, வணக்கம்.