பணம் கட்டும் முன்: நடுவயதில் ஆன்லைன் பட்டப்படிப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் பட்டப்படிப்பில் சேர நினைத்தால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். பதவி உயர்வுப் பட்டியலில், டிகிரி இல்லை என்பதால் அவர் பெயர் விடுபட்டிருக்கும். அல்லது கல்யாணத்துக்காகப் பாதியில் நின்றுபோன பி.ஏ.வை, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு முடித்துவிட வேண்டும் என்று ஒரு அம்மா முடிவு செய்திருப்பார். தொலைதூரக் கல்வி மையம் ஒன்றில் வார இறுதி வகுப்புகள் எடுத்த காலத்தில் நான் அதிகம் சந்தித்தது இவர்களைத்தான். படிக்கும் ஆசையில் யாருக்கும் குறைவில்லை. எங்கே சேர்வது என்பதில்தான் பலர் தடுமாறினார்கள், சிலர் ஏமாந்தும் போனார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அஞ்சல் வழிக் கல்வி நமக்குப் புதிதல்ல. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-லேயே தொடங்கிவிட்டது. 1979-ல் அண்ணாமலை, 1981-ல் சென்னைப் பல்கலைக்கழகம். 'கரஸ்ல படிச்சேன்' என்று சொல்லும் ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் நம் ஊர்களில் எத்தனையோ பேர். 1985-ல் இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்று வாய்ப்புகள் கூடின. ஆனாலும் அன்று கையில் இருந்தவை நாலைந்து பெயர்கள்தான். இன்று போனைத் திறந்தால் எங்கோ வடக்கே இருக்கும் பல்கலைக்கழகம்கூட விளம்பரத்தில் வந்து நிற்கிறது.

அந்த விளம்பரத்தில் உங்கள் நம்பரைக் கொடுத்துப் பாருங்கள், சற்று நேரத்தில் அழைப்பு வரும். பேசுபவர் தன்னை 'அட்மிஷன் கவுன்சிலர்' என்பார். இன்றோடு சலுகை முடிகிறது, நாளைக்குக் கட்டணம் ஏறிவிடும் என்பார். பல நேரங்களில் அவர் பல்கலைக்கழகத்தின் ஊழியரே அல்ல; ஆள் சேர்த்துக் கொடுக்கும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். அவரைக் குறை சொல்லவில்லை, அது அவர் பிழைப்பு. ஆனால் உங்கள் படிப்பை அவருடைய கடைசித் தேதி தீர்மானிக்கக் கூடாது. மரியாதையாகப் பேசி முடித்து, போனை வைத்துவிடுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது அங்கீகாரம். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யில் தொலைதூரக் கல்விக்கென்றே டி.இ.பி. என்ற பிரிவு இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பை, எந்தக் கல்வியாண்டில், எந்தப் பருவத்தில் நடத்த அனுமதி பெற்றிருக்கிறது என்ற பட்டியல் அதன் இணையதளத்தில் உண்டு. பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அதே பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ.வுக்கு அனுமதி இருக்கும், எம்.எஸ்சி.க்கு இருக்காது. போன வருடம் இருந்தது இந்த வருடம் இல்லாமல் போயிருக்கும். நீங்கள் சேரப்போகும் படிப்பின் பெயரும் பருவமும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். தொலைதூர முறை வேறு, ஆன்லைன் முறை வேறு. இரண்டுக்கும் தனித்தனி அனுமதி.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதி இல்லாமல் தொலைதூர வழியில் பொறியியல் பட்டம் வழங்கிவந்தன. 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டம் நிறுத்திவைக்கப்பட்டது, தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் தேர்வில் தேறினால்தான் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்தாகிவிட்டது. இதில் மாட்டியவர்களில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள் இருந்தார்கள். இருபது வயதுப் பிள்ளைக்கு மூன்று வருடம் வீணானால் அது இழப்புதான், ஆனால் மீண்டுவிடலாம். நாற்பத்தைந்து வயதில் வேலை, வீடு, தூக்கம் எல்லாவற்றிலும் கிள்ளி எடுத்துப் படித்தவருக்கு அந்த வருடங்களை யார் திருப்பித் தருவது?

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு காலத்தில் அடிப்படைப் பட்டம் இல்லாமலே, வயதை வைத்து எம்.ஏ. கொடுத்தார்கள். அப்படிப் பெற்ற பட்டம் செல்லாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பத்தாவது, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையை அரசுப் பணிக்குக் கேட்பார்கள். பிளஸ் டூ இல்லை என்றால் முதலில் அதை எழுதி முடியுங்கள். 'நேராக டிகிரி வாங்கித் தருகிறேன்' என்பவரிடமிருந்து விலகியே இருங்கள்.

சில படிப்புகளை இந்த வழியில் நடத்தவே கூடாது. பொறியியல், மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி, பார்மசி, சட்டம், கட்டடக்கலை எல்லாம் அப்படித் தடை செய்யப்பட்டவை. 2025-ல் உளவியல், ஊட்டச்சத்து போன்றவற்றிலும் புதிய சேர்க்கையை யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. நடுவயதில் உளவியல் படிக்க விரும்பும் பெண்கள் நிறையப் பேர் என்பதால் குறிப்பாகச் சொல்கிறேன். பழைய விளம்பரத்தை நம்பிப் போகாதீர்கள்.

முறையான அனுமதியோடு நடக்கும் படிப்பென்றால், கல்லூரிக்கு நேரில் போய்ப் படித்த பட்டத்துக்கு அது சமம் என்று யு.ஜி.சி.யின் 2020 விதிமுறைகளே சொல்கின்றன. 'கரஸ்தானே' என்று யாராவது இளக்காரமாகப் பேசினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

சேர்க்கைக்கு இப்போது டி.இ.பி. அடையாள எண் ஒன்று தேவை. 2024 செப்டம்பரிலிருந்து இதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். இதை நீங்களே உட்கார்ந்து எடுங்கள், முடியாவிட்டால் வீட்டுப் பிள்ளையை உதவச் சொல்லுங்கள். ஏஜென்டிடம் ஆதாரையும் ஓ.டி.பி.யையும் கொடுத்து வாங்க வேண்டாம். டீக்கடை மாடியில் 'ஸ்டடி சென்டர்' போர்டு மாட்டிக்கொண்டு, 'பரீட்சையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை. படிப்பை ஃபிரான்சைஸாக இன்னொருவருக்கு விடுவதற்கு விதிகளில் இடமே இல்லை. கட்டணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே போக வேண்டும், ரசீதும் அதன் பெயரில்தான் வர வேண்டும்.

தவணையில் கட்டலாம், வட்டியே இல்லை என்பார்கள். அது பல நேரங்களில் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கொடுக்கும் கடன். படிப்பைப் பாதியில் விட்டாலும் இ.எம்.ஐ. நிற்காது. கையெழுத்துப் போடும் முன், கடன் கொடுப்பது யார், விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். பருவத்துக்குப் பருவம் கட்டும் வசதி இருந்தால் அதுதான் நல்லது. மூன்று வருடக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அடுத்தது நேரம். இங்கே ஒரு கணக்குப் போட வேண்டும். இக்னோ போன்ற இடங்களில் ஒரு கிரெடிட் என்றால் முப்பது மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் பாடத்துக்கு 120 மணி நேரம். ஒரு பருவத்தில் ஐந்து பாடம் என்றால் 600 மணி நேரம் ஆகிறது, அதாவது ஆறு மாதத்துக்கு வாரம் இருபத்து மூன்று மணி நேரம். இரவு ஒன்பது மணிக்குச் சமையலறையை ஒதுங்க வைத்துவிட்டு உட்காரும் ஒருவரால் வாரத்துக்கு எட்டு, பத்து மணி நேரம் ஒதுக்க முடிந்தாலே பெரிய விஷயம். ஆகவே மெதுவாகப் படிக்க இடம் கொடுக்கும் நிறுவனம்தான் உங்களுக்கு வேண்டும். இக்னோவில் மூன்றாண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டுகள் வரை எடுத்துக்கொண்டு முடிக்கலாம். மற்ற இடங்களில் அதிகபட்சக் காலம் எவ்வளவு, அரியர் வைத்தால் என்ன கட்டணம், ஒரு பருவம் தள்ளிப்போடலாமா என்றெல்லாம் சேரும் முன்பே விசாரியுங்கள். மாமியாருக்கு ஆபரேஷன், மகளுக்குப் பிரசவம் என்று நம் வீடுகளில் ஏதாவது வரத்தான் செய்யும். அதைத் தாங்குகிற படிப்பாக இருக்க வேண்டும்.

தேர்வு எங்கே நடக்கும் என்பதும் முக்கியம். ஆன்லைன் படிப்பு என்றாலும் தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் தரவு அறிவியல் பட்டப்படிப்பு 2020-ல் தொடங்கியது. அதற்கு ஜே.இ.இ. என்ற நுழைவுத் தேர்வு தேவையில்லை, வயது வரம்பும் இல்லை. ஆனால் நான்கு வாரப் பாடத்தை முடித்துத் தகுதித் தேர்வில் தேறினால்தான் உள்ளே போக முடியும், தேர்வுகளையும் மையத்தில் உட்கார்ந்துதான் எழுத வேண்டும். இப்படிக் கறாராக இருப்பதை நான் மதிக்கிறேன். தேர்வே இல்லாமல் பட்டம் வருகிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

பாட மொழியையும் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ் வழியில் படித்து இருபது வருடம் கழித்து ஆங்கிலப் பாடத்தோடு மல்லுக்கட்டுவது பலருக்குப் பெரும்பாடு. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் படிக்கக்கூடிய படிப்புகள் உண்டு. இக்னோ தன் பாடநூல்களை இ-ஞானகோஷ் என்ற தளத்தில் யாரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. சேர நினைக்கும் பாடத்தில் ஒரு அலகை எடுத்து இரண்டு மாலை வாசித்துப் பாருங்கள், ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

இன்னும் தயக்கம் இருந்தால் 'சுவயம்' தளத்தில் ஒரு பாடத்தை எடுங்கள். அரசின் தளம், ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய பருவம் தொடங்கும். படிக்கப் பணம் கிடையாது, சான்றிதழுக்காகத் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். எட்டு வாரப் பாடம் ஒன்றை வாரந்தோறும் விடாமல் முடிக்க உங்கள் வீடும் வேலையும் விடுகின்றனவா என்று பாருங்கள். அதை முடித்தவராகப் பல்கலைக்கழகத்தின் பட்டியலைத் திறந்தால், எத்தனை பாடம் எடுக்கலாம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

நன்றி, வணக்கம்.