நிருபரே இல்லாத பத்திரிகை: குளோஸ்டர் ஜர்னல், 1722

[திரையில்: பழுப்பேறிய ஒரு வாரப் பத்திரிகை. ஓரத்தில் சிவப்பு முத்திரை.]

1722 ஏப்ரல் 9, திங்கட்கிழமை. இங்கிலாந்தின் மேற்கே, செவர்ன் ஆற்றங்கரையில் இருக்கும் குளோஸ்டர் ஊரில் ஒரு வாரப் பத்திரிகை பிறக்கிறது. பெயர் குளோஸ்டர் ஜர்னல். நடத்தியவர்கள் ராபர்ட் ரெய்க்ஸ், வில்லியம் டைசி என்ற இரண்டு அச்சகக்காரர்கள். 1720 மே 2ல் நார்த்தாம்ப்டன் மெர்க்குரி என்ற பத்திரிகையைத் தொடங்கியதும் இதே ஜோடிதான்.

பத்திரிகைக்கு நிருபர் கிடையாது. செய்தியெல்லாம் தபால் பையில் வரும்.

அதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடலாம். 1695 வரை லண்டன், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், யார்க் தவிர வேறு ஊரில் அச்சகம் வைக்க அனுமதியில்லை. அந்த வருஷம் உரிமச் சட்டம் காலாவதியானது, யாரும் புதுப்பிக்கவில்லை. லண்டனில் தொழில்போட்டி தாங்காத அச்சகக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர் போனார்கள். 1701ல் பிரான்சிஸ் பர்ஜஸ் என்பவர் நாரிச்சில் நாரிச் போஸ்ட் தொடங்கினார். அதன் முதல் இதழ் இன்று இல்லை. கிடைத்திருப்பதில் பழையது 1708ம் வருஷத்துப் பிரதி. அதன் இதழ் எண்ணிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் 1701 என்கிறோம்.

[திரையில்: இங்கிலாந்து வரைபடம். லண்டனிலிருந்து கிளம்பும் தபால் சாலைகள்.]

இனி ஒரு வாரத்தைப் பார்ப்போம். லண்டன் தபால் செவ்வாய், வியாழன், சனி என வாரத்தில் மூன்று இரவு கிளம்பும். பையில் லண்டன் பத்திரிகைகளும், சந்தா கட்டினால் வரும் கையெழுத்துச் செய்தி மடல்களும் இருக்கும். பை வந்து இறங்கியதும் கத்தரிப்பு வேலை ஆரம்பம். எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்வதுதான் அந்தக் காலத்து ஆசிரியர் வேலை.

கத்தரித்ததை வந்த வரிசையிலேயே அச்சுக் கோப்பார்கள். முக்கியச் செய்தி மேலே, மற்றது கீழே என்ற பழக்கம் அப்போது இல்லை. முதல் தபால் முதலில், கடைசித் தபால் கடைசியில். காரணம் ஈய எழுத்து. விலை அதிகம், கையிருப்பு குறைவு. முன்பக்கத்தை அடித்து முடித்து, எழுத்துகளைக் கழுவி, பிரித்து, கேஸில் (எழுத்துப் பெட்டியில்) திரும்பப் போட்டால்தான் அடுத்த பக்கம் கோக்க முடியும். அதனால் முதல் பக்கத்தில் செத்துப்போன ஒரு பிரபு கடைசிப் பக்கத்தில் உயிரோடு இருப்பார். மூன்று நாள் கழித்து வந்த தபால் வதந்தி என்று சொல்லியிருக்கும்; முன்பக்கமோ ஏற்கெனவே அச்சாகிக் காய்ந்துகொண்டிருக்கும். பழைய மாகாணப் பத்திரிகையைப் பின்னாலிருந்து படியுங்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

தபால் வராவிட்டால்? ஹாலந்திலிருந்து இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஹாரிச்சுக்கு வரவேண்டிய தபால் கப்பலை மேற்குக் காற்று நாள்கணக்கில் நிறுத்திவிடும். அப்போது ‘ஹாலந்து தபால் இரண்டு பாக்கி’ என்று ஒரு வரி போட்டுவிட்டு, மிச்ச இடத்தைக் கவிதை, கட்டுரை, வாசகர் கடிதம் என்று நிரப்புவார்கள்.

[திரையில்: மரப் பிரஸ். ஒருவர் மை ஒற்ற, இன்னொருவர் கைப்பிடியை இழுக்கிறார்.]

பிரஸ் பெரும்பாலும் மரம். இழுக்கும் கைப்பிடி, திருகாணி போன்ற சில பாகங்கள் இரும்பு. 1712ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த பிரஸ்ஸும் லண்டனிலிருந்து போனதுதான். காகிதத்தை முந்தின நாளே நனைத்து அடுக்கி, மேலே பாரம் வைக்க வேண்டும். உலர்ந்த காகிதம் மையை வாங்காது. ஈரம் கூடினால் எழுத்து ஊறிப் பரவும். மை என்பது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் புகைக்கரி சேர்த்தது. கம்பளி மயிர் திணித்த தோல் பந்து இரண்டால் அதை எழுத்தின் மேல் ஒற்றுவார்கள். தோல் விறைத்தால் மை சீராக ஏறாது. அதனால் வேலை முடிந்ததும் பந்தை மூத்திரத்தில் ஊறப்போடுவது வழக்கம். (அச்சகம் எந்தத் தெருவில் என்று யாரும் வழி கேட்டிருக்க மாட்டார்கள்.) இரண்டு பேர் சேர்ந்தால் மணிக்கு 250 தாள், அதுவும் ஒரு பக்கம்தான். 500 பிரதிக்கு இரண்டு பக்கமும் அடிக்க, கை ஓயாமல் இழுத்தால் 4 மணி நேரம்.

இனி வரி. உண்மையான சுவாரசியம் இங்கேதான். 1712 முத்திரைச் சட்டப்படி அரைத்தாள் பத்திரிகைக்குப் பிரதிக்கு அரைப் பென்னி, முழுத்தாளுக்கு (ஒரு பெரிய அச்சுத் தாள், ஒரு தடவை மடித்தால் நாலு பக்கம்) 1 பென்னி. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 1 ஷில்லிங். முழுத்தாளில் 500 பிரதி என்றால் 500 பென்ஸ். அதாவது 2 பவுண்டு 1 ஷில்லிங் 8 பென்ஸ் (12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு). ஆனால் சட்டம் எழுதியவர்கள் ஒன்றரைத் தாளில் வரும் பத்திரிகையை மறந்துவிட்டார்கள். முழுத்தாளைத் தாண்டினால் அது துண்டுப்பிரசுரக் கணக்கு. அதற்கு வரி, தாளுக்கு 2 ஷில்லிங் வீதம், ஒரே ஒரு பிரதிக்கு மட்டும். 500 அடித்தாலும் 5,000 அடித்தாலும் 3 ஷில்லிங்தான்! உடனே ஊர்ப் பத்திரிகைகள் 6 பக்கம், 12 பக்கம் என்று ஊதிப்போயின. செய்தி கூடவில்லை, எழுத்து பெரிதானது, தலைப்பில் ஊர்ப் படம் வந்தது.

1725ல் அரசு அந்த ஓட்டையை அடைத்தது. பத்திரிகைகள் அரைத்தாளை மடித்து நாலு சின்னப் பக்கமாகச் சுருங்கின. முத்திரை குத்திய காகிதத்தை லண்டனிலிருந்து முன்பணம் கட்டி வாங்க வேண்டும் என்றாகிவிட்டது. விற்காத பிரதி கூடினால் போட்ட பணம் மாட்டிக்கொள்ளும். எத்தனை விற்கும் என்று முன்கூட்டியே சரியாகக் கணிக்கத் தெரியாதவர் கடையை மூட வேண்டியதுதான்.

ரெய்க்ஸும் டைசியும் பிரிந்ததும் 1725ல்தான். குளோஸ்டர் ரெய்க்ஸுக்கு, நார்த்தாம்ப்டன் டைசிக்கு.

[திரையில்: தோளில் பையோடு ஒருவர், சேற்றுப் பாதையில்.]

இருவரையும் காப்பாற்றியது பேப்பர்காரர்கள். ஊரில் மட்டும் விற்றால் கட்டாது. சுற்றுவட்டாரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஓர் ஆள் போட்டார்கள். நடந்தோ குதிரையிலோ போய்ப் பத்திரிகை கொடுப்பதும், காசு வசூலிப்பதும், விளம்பரம் வாங்கி வருவதும் அவர் வேலை. திரும்ப வரும் விளம்பரம்தான் லாபம். பையில் மருந்துப் புட்டிகளும் இருக்கும். டைசி குடும்பம் ‘டாக்டர் பேட்மேன் சொட்டு மருந்து’ வியாபாரத்தில் பங்காளி. பத்திரிகையில் விளம்பரம், பத்திரிகை கொண்டுவருபவர் பையில் சரக்கு. நிருபரை வேலைக்கு வைக்காத முதலாளிகள் நடப்பதற்கு ஆள் வைத்ததில் எங்களுக்கு ஆச்சரியமில்லை.

ஒரு தடவை ரெய்க்ஸ் வசமாக மாட்டினார். நாடாளுமன்ற நடவடிக்கையை அச்சிடக் கூடாது என்பது அன்றைய விதி. லண்டன் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த எட்வர்ட் கேவ், சபைச் செய்திகளை எழுதி அவருக்கு அனுப்பிவந்தார். 1728ல் விஷயம் வெளியே வந்தது. கேவ் காவலில் இருந்தார்; ரெய்க்ஸ் சபையில் கண்டனம் வாங்கினார். அதே கேவ் 1731ல் ஜென்டில்மேன்ஸ் மேகஸின் தொடங்கினார்.

[திரையில்: தலைப்பு மட்டும் பெரிதாக. தேதியைச் சுற்றி வட்டம்.]

பழைய பிரதிகளை ஸ்கேனில் படிப்பவர்கள் தேதியில்தான் தடுமாறுவார்கள். இங்கிலாந்து 1752 வரை பழைய நாட்காட்டியில் இருந்தது. பாரிஸ் 11 நாள் முன்னால். அதனால் ஏப்ரல் 9 இதழில் ஏப்ரல் 12 தேதியிட்ட பாரிஸ் செய்தி வந்தால் அது அச்சுப்பிழை இல்லை. வருஷம் மார்ச் 25ல்தான் பிறக்கும். ஜனவரி, பிப்ரவரி இதழ்களில் 1721/22 என்று இரட்டை எண் இருந்தால் பின்னதை எடுத்துக்கொள்ளுங்கள். தொகுதி எண்ணை மட்டும் வைத்து வயது கணக்கிடாதீர்கள். ஸ்டாம்ஃபோர்டு மெர்க்குரி என்ற பத்திரிகையின் தொடக்கத் தொகுதிகள் ஒரு வருஷத்துக்கும் குறைவானவை. பிற்காலத்தில் யாரோ ஒவ்வொன்றையும் முழு வருஷமாக எண்ணிவிட்டார்கள். 1712, 1713 வாக்கில் பிறந்த பத்திரிகை 1695ல் பிறந்ததாகவே நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தது.